சல்லடை விளிம்பும் சின்ன நாடும்: ஆர்ச்சி லமாண்ட்

ட்ரைலோபைட் என்பது எப்போதோ அழிந்துபோன, ஓடு போர்த்த கடல் கணுக்காலி. அவற்றின் பேரினங்களின் பட்டியலில் ‘ஸ்கோட்டோஹார்ப்பிஸ் லமாண்ட், 1948’ என்று ஒரு வரி உண்டு. விலங்கியல் பெயர்களை வாசித்துப் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். முதல் சொல் பேரினத்தின் பெயர். அடுத்தது அந்தப் பெயரை வைத்தவர். கடைசியில் இருப்பது அது அச்சில் வந்த ஆண்டு. ‘ஹார்ப்பி’ என்றால் கிரேக்கத்தில் அரிவாள். ‘ஸ்கோட்டோ’ எது என்று சொல்லவே வேண்டாம். சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் ஊர்ந்த, விரல் நுனி அளவுள்ள ஓர் உயிரின் பெயருக்குள் தன் நாட்டை வைத்துவிட்டார் அந்த மனிதர்.

பெயர் நிலைத்தும் விட்டது. வட கனடாவிலும் வடமேற்கு கிரீன்லாந்திலும் கிடைத்த ட்ரைலோபைட்டுகளை 1973-ல் விவரித்த கனடிய ஆய்வாளரும் இந்தப் பேரினத்தில்தான் அவற்றைச் சேர்த்தார். ஸ்காட்லாந்தையே பார்த்திராத ஆய்வாளர்களும் இன்று அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 1948-ல் அந்தப் பெயர் முதலில் அச்சானது எங்கே என்று பார்த்தால் சிரிப்பு வரும். புவியியல் கழகத்தின் ஏடு எதிலும் இல்லை. கல்குவாரி மேலாளர்களுக்கான தொழில் இதழில், ‘ஸ்காட்லாந்தின் டிராகன்கள்’ என்ற தலைப்பின் கீழ், வெடிமருந்தையும் கல்லுடைக்கும் இயந்திரத்தையும் பற்றிப் படிக்க வந்த வாசகர்களுக்கு நடுவே வந்தது.

ஆர்ச்சி லமாண்ட் (1907–1985) புவியியலாளர், ட்ரைலோபைட் நிபுணர், கவிஞர், ஸ்காட்லாந்து தேசியவாதி. அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பாதி மனிதரோடு நின்றுவிடுகிறார்கள். புதைபடிவக்காரர்களுக்கு அவர் 1935, 1947, 1978 என்ற மேற்கோள் எண்கள். அரசியல் வரலாறு எழுதுபவர்களுக்கு 1940களில் துண்டுப் பிரசுரம் எழுதிய யாரோ ஒரு டாக்டர். இரண்டு பேரும் ஒருவர்தான் என்பதற்கு அவர் வைத்த பெயர்களே சாட்சி. அவற்றில் எது நின்றது, எது விழுந்தது, ஏன் என்று பார்த்தால் ஆளும் தெரிவார், அறிவியல் நடக்கும் விதமும் தெரியும்.

முதலில் அந்த உயிரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். ஹார்ப்பிட் வகை ட்ரைலோபைட்டின் தலையைச் சுற்றி அகலமான விளிம்பு ஒன்று குதிரை லாடம் போல வளைந்திருக்கும். அதன் இரு முனைகளும் பின்பக்கம் உடலின் ஓரமாக நீண்டு போகும். விளிம்பு முழுக்கப் பொடிப்பொடியாகக் குழிகள், சல்லடை மாதிரி. விளிம்பு ஒற்றைத் தகடு அல்ல. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தகடுகள் சேர்ந்தது. கண்கள் பெரும்பாலான ட்ரைலோபைட்டுகளைப் போல நூற்றுக்கணக்கான வில்லைகள் கொண்டவை அல்ல. சிறு முண்டு ஒன்றின் மேல் இரண்டு மூன்று வில்லைகள், அவ்வளவுதான். அந்தச் சல்லடை எதற்கு என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. சேற்றைக் கலக்கி இரை வடிகட்ட என்கிறது ஒரு கட்சி. மெத்தென்ற சேற்றில் அமிழாமல் நிற்க என்கிறது இன்னொன்று. உழுவதற்கு என்பது பழைய கட்சி. வடிகட்டும் கட்சிக்கே வலு கூடுதல் என்பது என் எண்ணம், ஏனென்றால் தலைக்கு அடியில் இருக்கும் பள்ளமான அறைக்கு மற்ற இரண்டிலும் சரியான வேலை இல்லை.

லமாண்டின் ஆய்வு இந்த உயிரில் தொடங்கவில்லை. ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கரையில், எயர்ஷயரில் கர்வன் என்றொரு மீன்பிடி ஊர். அதன் பின்புறத்து ஓடைகளிலும் குன்றுகளிலும் ஆர்டோவீசியன், அதை அடுத்து வந்த சைலூரியன் ஆகிய புவியியல் காலங்களின் பாறைகள் வெளியே தெரிகின்றன. 1882-ல் புவியியலாளர் சார்ல்ஸ் லாப்வொர்த் அங்குள்ள அடுக்கு வரிசையை ஒழுங்குபடுத்தினார். எலிசபெத் கிரே (1831–1924) என்ற பெண்மணி குடும்பத்தோடு ஒவ்வொரு கோடையிலும் அங்கே போய்ப் படிவங்களைச் சேகரித்தார். பட்டம் கிடையாது, பதவி கிடையாது. ஆனால் எந்தக் கல் எந்த இடத்தில் கிடைத்தது என்று குறித்து வைப்பதில் கறார். லேடி பர்ன் ஓடைப் பக்கத்தில் ஒரு மணற்கல் படுகையில் நட்சத்திர மீன்கள் முழுசு முழுசாகக் கிடைக்கின்றன. ‘நட்சத்திர மீன் படுகை’ என்ற அதன் பெயரே இன்றும் வழக்கில் உள்ளது. கேம்பிரிட்ஜின் கௌப்பர் ரீட் 1903-லிருந்து கர்வன் ட்ரைலோபைட்டுகளைப் பல பாகங்களாக விவரித்ததற்கு அடித்தளம் கிரே அம்மையாரின் பெட்டிகள்தான்.

1935-ல் லமாண்ட் கிளாஸ்கோ புவியியல் கழகத்தின் ஏட்டில் வெளியிட்ட கட்டுரை அந்தப் படுகை அடங்கிய டிரம்மக் என்ற பாறைத் தொகுதியைப் பற்றியது. 288 முதல் 334-ஆம் பக்கம் வரை. அப்போது வயது முப்பதை எட்டவில்லை. தலைப்பில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: அடுக்கு வரிசையைத் திருத்துவது, தொகுதியின் கீழ்ப்பகுதியிலிருந்து புதிய படிவங்களை விவரிப்பது. முதல் வேலை சரியாக இல்லாவிட்டால் இரண்டாவதற்கு மதிப்பில்லை என்பதைத் துறைக்கு வெளியே பலர் கவனிப்பதில்லை.

அடுக்கு வரிசையைத் திருத்துவது எப்படி நடக்கும்? ஓடை பாறைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் இடமாகத் தேர்ந்தெடுத்து, கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். பாறை வெளியே தெரியும் ஒவ்வொரு இடத்திலும் சாய்வுமானி வைத்து அடுக்கின் சரிவையும் திசையையும் குறிக்க வேண்டும். நாடாவால் தரையில் தூரம் அளக்க வேண்டும். தரை சமமாக இருந்து, அடுக்கின் போக்குக்குச் செங்குத்தாக அளந்தால், தூரத்தைச் சரிவுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் உண்மைத் தடிமன் கிடைக்கும். 20 மீட்டர் தூரம், 30 பாகைச் சரிவு என்றால் தடிமன் 10 மீட்டர். கணக்கு இவ்வளவுதான். கெட்டுப்போவது கணக்கில் அல்ல. பிளவு ஒன்று குறுக்கே ஓடி, கடந்து வந்த அடுக்குகளே மறுபடி எதிரே வந்து நிற்கும். தெரியாமல் கூட்டிக்கொண்டே போனால் தடிமன் இரட்டிப்பாகும். சில இடங்களில் அடுக்குகள் தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். அப்போது மணற்கல்லின் எந்தப் பக்கம் பருமணல், எந்தப் பக்கம் நுண்மணல் என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பருமணல் இருக்கும் பக்கமே அடிப்பக்கம். இவற்றையெல்லாம்விட மோசம், பனியாறு கொண்டுவந்து கொட்டிய களிமண். நடுவில் ஐம்பது மீட்டர் மூடிவிட்டால் அங்கே என்ன இருக்கிறது என்பது ஊகம் மட்டுமே. ஓடையில் உருண்டு கிடக்கும் கல்லில் எவ்வளவு அழகான படிவம் இருந்தாலும் அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

இடம் குறித்த சீட்டுக்கும் அடுக்கு குறித்த சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஒரே ஓடைக்கரையில் பத்தடி இடைவெளியில் இரண்டு அடுக்குகள் இருக்கலாம். இரண்டிலும் வேறு வேறு உயிர்கள் இருக்கலாம். முன்னோர் சேகரித்ததை வைத்துக்கொண்டு மேசையிலிருந்தே எழுதியிருக்கலாம். லமாண்ட் மறுபடி அளந்து தொகுதியைப் பிரித்தார். அந்தப் பிரிவினையைப் பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், பெயர்களை மாற்றினார்கள், ஆனால் அவர்களின் கட்டுரைகள் 1935-ஐக் கடந்துதான் தொடங்குகின்றன.

இந்த இடங்களில் கிடைப்பவை பெரும்பாலும் ஓடுகள் அல்ல, அவை விட்டுப்போன அச்சுகள். ஓட்டின் கால்சைட் என்ற சுண்ணக் கனிமம் பாறைக்குள் கசிந்த நீரில் எப்போதோ கரைந்து போயிருக்கும். கல்லைப் பிளந்தால் உள்ளே வெற்றிடம். ஒரு பாதியில் ஓட்டின் வெளிப்புற அச்சு, மறு பாதியில் உட்புற அச்சு. புதியவர்கள் செய்யும் பிழை இரண்டு. ஒன்று, மேடாகத் தெரியும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பள்ளமாக இருப்பதை வீசிவிடுவது. பள்ளத்தில்தான் வெளிப்புறத்தின் நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும் இருக்கின்றன. இரண்டாவது பிழை, அச்சில் எல்லாம் தலைகீழ் என்பதை மறப்பது. உயிரின் மேல் குழியாக இருந்தது அச்சில் பரு, மேடாக இருந்தது குழி, இடது வலதாகும். ஸ்கோட்டோஹார்ப்பிஸின் சல்லடை விளிம்பு அச்சில் கொப்புளம் பூத்த தோல் மாதிரி இருக்கும். போதாக்குறைக்குப் பிளவு சில சமயம் விளிம்பின் மேல் தகட்டிலும் சில சமயம் கீழ்த் தகட்டிலும் போகும். ஒரே இனத்தை இரண்டு இனமாக எழுதிவிட இது போதும்.

அதனால் அச்சை அப்படியே விவரிக்காமல் லேடெக்ஸ் என்ற ரப்பர் பாலில் வார்ப்பெடுப்பது வழக்கம். முதலில் ஊசியாலும் மெல்லிய தூரிகையாலும் துருப்பொடியையும் மண்ணையும் நீக்க வேண்டும். மிச்சமிருக்கும் கால்சைட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பிறகு நிறைய நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கொஞ்சம் கருப்பு மை கலந்த திரவ லேடெக்ஸை முதலில் ஒரு துளி விட்டு, தூரிகையால் பள்ளத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரப்ப வேண்டும். இந்த முதல் பூச்சு மெலிசாக இருக்க வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் காற்றுக்குமிழ் அடியில் மாட்டிக்கொள்ளும். வார்ப்பில் அது சின்ன ஓட்டையாக வந்து நிற்கும், அதுவும் சரியாகக் கண் இருக்க வேண்டிய இடத்தில்தான் வரும். முதல் பூச்சு காய்ந்து நிறம் மாறிய பிறகு அடுத்தது. மூன்று நான்கு பூச்சு ஆனதும் ஓரங்களில் மெல்லிய துணித் துண்டு பதித்தால் உரிக்கும்போது கிழியாது. ஒரு இரவு காயவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். முதல் வார்ப்பு மீதமுள்ள அழுக்கையெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதைத்தான் ஆய்வுக்கு வைத்துக்கொள்வார்கள்.

படமெடுக்கும் முன் வார்ப்பின் மேல் அம்மோனியம் குளோரைடு படிய வைப்பார்கள். கண்ணாடிக் குழாயில் அந்த உப்பைச் சூடாக்கி, ஆவியை மெல்ல ஊதினால் கருப்பு லேடெக்ஸின் மேல் வெள்ளைப் படலம் ஒன்று இறங்கும். ஒளியை மேல் இடது மூலையிலிருந்து விட்டால் ஒவ்வொரு புள்ளியும் நிழலோடு எழுந்து நிற்கும். வலமிருந்து விட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு மேடு பள்ளமாகிவிடும், எனவே எல்லோரும் இடப்பக்கம் என்றே பழகிவிட்டார்கள். மழை நாளில் இந்த வேலையைத் தொடக் கூடாது. படலம் ஈரத்தை இழுத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து மொத்தையாகும். ஸ்காட்லாந்தில் மழையில்லாத நாளைத் தேடுவது வேறு கதை. கடைசியாக ஒன்று: லேடெக்ஸ் நிரந்தரமல்ல. பத்து, இருபது ஆண்டுகளில் பிசுபிசுக்கும், பிறகு நொறுங்கும். பழைய சேகரிப்புகளில் அசல் கல் தொலைந்து வார்ப்பு மட்டும் மிஞ்சியிருந்தால் அதன் ஆயுள் எண்ணப்பட்டது. சிலிக்கோன் ரப்பர் நீண்ட நாள் தாங்கும்.

லமாண்டின் இரண்டாவது நிலம் எடின்பரோவுக்குத் தென்மேற்கே உள்ள பென்ட்லண்ட் குன்றுகள். அதன் அடிவாரத்துக் கார்லாப்ஸ் என்ற சிற்றூரில்தான் பின்னாளில் வாழ்ந்தார். நார்த் எஸ்க் நீர்த்தேக்கத்துக்கு மேலே சைலூரியன் பாறைகள் ஒரு தீவு போல, இளைய பாறைகளுக்கு நடுவில் தலைகாட்டுகின்றன. அடுக்குகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்பதால் ஓடையோரம் நடப்பது புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவது போல. கடலடி வண்டலில் தொடங்குகிறது. வரவர ஆழம் குறைந்து பிராக்கியோபாடுகள் என்ற இரட்டை ஓட்டுக் கடலுயிர்களும் ட்ரைலோபைட்டுகளும் நிறைந்த சேற்றுக்கல்லாகிறது. பிறகு உயிரினங்கள் குறைந்து, கடைசியில் கடலே இல்லாத சிவப்பு மணற்கல்லாக முடிகிறது. கடல் பின்வாங்கிய கதை முழுசாக அங்கே இருக்கிறது. கட்டர்ஃபர்ட் பர்ன் ஓடையில் கடல்தேள்கள் எனப்படும் யூரிப்டெரிடுகளும் கிடைக்கின்றன. 1892 வாக்கில் மால்கம் லாரி அவற்றை விவரித்தார். லமாண்ட் 1955-ல் ஸ்காட்லாந்தின் சைலூரியன் கெலிசரேட்டுகளை, அதாவது கடல்தேளும் சிலந்தியும் சேர்ந்த பெருங்குழுவைப் பற்றி எழுதியபோது அந்த வரிசையைத் தொடர்ந்தார். 1947-ல் பென்ட்லண்ட் அடுக்குகளைப் பற்றி எழுதியதும், மறுவருடம் ‘டிராகன்கள்’ வந்ததும் இந்தக் குன்றுகளிலிருந்துதான். ஸ்கோட்டோஹார்ப்பிஸின் வகை இனமான, அதாவது பேரினத்துக்கே அடையாளமாக நிற்கும் இனமான ‘டோமினா’வும் இங்கிருந்தே வந்தது. லத்தீனில் ‘தலைவி’ என்று பொருள்.

இங்கேதான் லமாண்ட் கொஞ்சம் பெரிதாகக் கைவைத்தார். 1948-ல் லண்டனில் நடந்த பதினெட்டாவது சர்வதேசப் புவியியல் மாநாட்டின் அறிக்கையில் அவர் கட்டுரை ஒன்று இருக்கிறது. அச்சில் வந்தது 1952-ல். சைலூரியன் காலத்தில் ‘பென்ட்லண்டியன்’ என்று ஒரு புதிய பிரிவு வேண்டும் என்பது முன்மொழிவு. சைலூரியன் என்ற பெயரே ரோமானியரை எதிர்த்து நின்ற வேல்ஸ் பழங்குடியான சைலூரர்களின் பெயர். ஆர்டோவீசியனும் இன்னொரு வேல்ஸ் பழங்குடியின் பெயர்தான். சைலூரியனுக்குள் லாண்டவரி வேல்ஸ், வென்லாக்கும் லட்லோவும் இங்கிலாந்து. சைலூரியன் என்று பெயர் வைத்த ராடரிக் மர்ச்சிசன் ஸ்காட்லாந்தின் ராஸ்-ஷயரில் பிறந்தவர் என்பது இதில் கூடுதல் எரிச்சல். காலக்கணக்கில் தங்கள் மலையின் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று ஒரு ஸ்காட்லாந்து தேசியவாதிக்குத் தோன்றாமலா இருக்கும்?

பென்ட்லண்டியன் நிற்கவில்லை. அரசியல் காரணமாக அல்ல. ஒரு காலப் பிரிவு உலகம் முழுக்கச் செல்ல வேண்டுமானால், அதை வரையறுக்கும் இடத்தில் கடல் வண்டல் இடைவெளியில்லாமல் படிந்திருக்க வேண்டும். அதில் உலகெங்கும் மிதந்து பரவிய உயிர்கள் வேண்டும். சைலூரியனில் அவை முக்கியமாக கிராப்டோலைட்டுகள், கூட்டமாக வாழ்ந்து அழிந்துபோன சிற்றுயிர்கள். பென்ட்லண்டில் இருப்பவை பெரும்பாலும் கடலடியோடு கட்டுண்ட உயிர்கள். சேற்றின் தன்மை மாறினால் அவையும் மாறிவிடும். காலம் மாறியதா, சேறு மாறியதா என்று பிரித்துச் சொல்வது கடினம். மேல்பகுதியில் கடலே போய்விடுகிறது. உள்ளூரின் கதையைச் சொல்ல அற்புதமான இடம், உலகக் கடிகாரத்துக்கு முள்ளாக இருக்கப் பொருந்தாது. இன்று அந்த அடுக்குகளை டெலிச்சியன் என்ற நிலையில் வைக்கிறார்கள். அதுவும் வேல்ஸ் பெயர்தான்.

ஆனால் சைலூரியனின் தொடக்கம், உலகம் ஏற்றுக்கொண்ட அந்த ஒரே புள்ளி, 1980களின் நடுவில் ஸ்காட்லாந்துக்கே வந்தது. மாஃபட் ஊருக்கு அருகே டாப்ஸ் லின் என்ற பள்ளத்தாக்கில், பர்க்ஹில் கருங்களிக்கல்லின் அடியிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் அந்தக் கோடு இருக்கிறது. அங்கே எல்லாம் கருப்புச் சேற்றுக்கல், அதில் பென்சில் கீறல் போலக் கிராப்டோலைட்டுகள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. லாப்வொர்த் நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கேதான் கிராப்டோலைட் வரிசையைப் பிரித்துக் காட்டினார். தேவையான சேறும் தேவையான உயிரும் அங்கே இருந்தன. லமாண்ட் கேட்டது கிடைக்காமல், கேட்காதது கிடைத்தது என்று சொல்லலாம்.

அவருடைய அரசியலை அந்தக் காலத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1928-ல் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி என்ற பெயரில் முதல் அமைப்பு தொடங்கியது; 1934-ல் இன்னொரு கட்சியோடு இணைந்து இன்றைய எஸ்.என்.பி. ஆனது. இரண்டாம் உலகப் போரில் அது பிளந்தது. லண்டன் அரசு ஸ்காட்லாந்துக்காரர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க முடியுமா என்ற கேள்வியில் டக்ளஸ் யங் சிறைக்கே போனார். 1942-ல் அவர் கட்சித் தலைவரானதும், கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் மக்கார்மிக் வெளியேறினார். 1945 ஏப்ரலில் மதர்வெல் இடைத்தேர்தலில் ராபர்ட் மக்கின்டயர் வென்று கட்சியின் முதல் எம்.பி. ஆனார். மூன்று மாதத்தில் பொதுத்தேர்தலில் அந்த இடமும் போய்விட்டது.

இந்தச் சூழலில்தான் லமாண்ட் 1944-ல் சின்ன நாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பெரிய வல்லரசுகள் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த வருடத்தில் அந்தத் தலைப்பே ஒரு வாதம். அதே காலத்தில் தேசியவாதிகளின் பிரசுரங்களில் ஒன்றாக, ஸ்காட்லாந்து ஒரு செல்வ நாடு என்று வாதிடும் சிறுநூலும் அவர் பெயரில் வந்தது. ஒரு விஞ்ஞானியின் வளக் கணக்கு என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டது. ‘தனியாகப் போனால் பிழைக்க முடியுமா’ என்பதுதான் அன்றும் இன்றும் ஸ்காட்லாந்து விவாதத்தின் நடுமையம். அதற்குக் கவிஞர்களால் பதில் சொல்ல முடியாது. நிலக்கரி எங்கே, கல் எங்கே, நீர்வீழ்ச்சி எங்கே என்று தெரிந்தவர் சொல்ல வேண்டும். புவியியலாளர் ஒருவர் அந்த வேலைக்கு வந்தது தற்செயல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் அந்தக் கேள்விக்கான பெரிய பதில் அவர் நடந்த குன்றுகள் எதிலும் இல்லை, வடகடலுக்கு அடியில் இருந்தது. 1970-ல் ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் ஸ்காட்லாந்துக்கே என்ற முழக்கத்தோடு 1974 அக்டோபர் தேர்தலில் எஸ்.என்.பி. 11 இடங்களை வென்றது, ஸ்காட்லாந்து வாக்குகளில் சுமார் 30 சதவீதம். 1979 மார்ச் 1-ல் தன்னாட்சி மன்றத்துக்கான வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் ஆம் என்றார்கள். மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆம் சொல்ல வேண்டும் என்று விதி இருந்ததால் அது செல்லவில்லை; கிடைத்தது 32.9 சதவீதம். லமாண்ட் 1985-ல் இறந்தபோது அந்தத் தோல்விதான் நிலவரம்.

பாறைகளை அரசியலுக்கு இழுக்க ஆசைப்படுபவர்களுக்கு அவர் காலத்துக்குள்ளேயே ஒரு பெரிய துருப்புச் சீட்டு கிடைத்தது. கர்வன் ட்ரைலோபைட்டுகள் இங்கிலாந்து, வேல்ஸ் ட்ரைலோபைட்டுகளைவிட வட அமெரிக்க உறவுகளையே அதிகம் ஒத்திருக்கின்றன. ஏன் என்று வெகுநாள் தெளிவாகவில்லை. 1966-ல் கனடியப் புவியியலாளர் டூசோ வில்சன் ‘அட்லாண்டிக் ஒருமுறை மூடி மறுபடி திறந்ததா’ என்று கேட்ட பிறகு விடை வந்தது. ஆர்டோவீசியனில் ஸ்காட்லாந்து ஒரு கண்டத்தின் ஓரத்திலும் இங்கிலாந்து இன்னொரு சிறு கண்டத்திலும் இருந்தன. நடுவில் ஐயாப்பீட்டஸ் என்று இன்று பெயர் வைத்திருக்கும் கடல். சைலூரியனில் அது மூடிக்கொண்டது. மூடிய தையல் ஏறக்குறைய சால்வே வளைகுடாவின் அடியில், இன்றைய எல்லைக்கோட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. மேடைப்பேச்சுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அதே சான்றைக் கொஞ்சம் மேலே, பென்ட்லண்ட் வரை கொண்டுவந்தால் கதை திரும்பிவிடும். கடல் ஒடுங்கியதும் இரு கரை உயிர்களும் கலந்துவிட்டன. லமாண்டின் பென்ட்லண்ட் பிராக்கியோபாடுகளுக்கு இங்கிலாந்துப் பக்கமே உறவுக்காரர்கள் உண்டு. அவரே 1945-ல் கில்பர்ட் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து வூஸ்டர்ஷயரின் அதே காலத்துப் பிராக்கியோபாடுகளை விவரித்தவர். சீட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம்.

அவர் நடத்திய ‘ஸ்காட்டிஷ் அறிவியல் ஏடு’ பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1965-ல் முதல் தொகுதி. 1978-லும் அதே முதல் தொகுதிதான் ஓடிக்கொண்டிருந்தது. 245 முதல் 302-ஆம் பக்கம் வரை அவருடைய நீண்ட ‘பென்ட்லண்டியன்’ கதம்பம், மெல்லுடலிகளும் ட்ரைலோபைட்டுகளும். பென்ட்லண்டியன் என்ற சொல்லை உலகம் கைவிட்டு வெகுநாள் ஆகியும் அவர் விடவில்லை. அங்கேதான் வாலேசியா என்ற பேரினம் வந்தது. அந்தப் பெயரைக் கேட்டதும் ஸ்காட்லாந்துக்காரர் மனதில் வரும் ஆள் ஒருவர்தான்: 1305-ல் லண்டனில் கொல்லப்பட்ட வில்லியம் வாலஸ்.

ஒரு பெயர் செல்லுபடியாக எந்த ஏட்டில் வந்தது என்பதை விலங்கியல் பெயர்விதிகள் கேட்பதில்லை. ஒரே மாதிரியான பிரதிகள் பலவாக அச்சாகி, பொதுமக்கள் வாங்கவோ பெறவோ கிடைத்திருக்க வேண்டும். 1930-க்குப் பிறகு வந்த பேரினம் என்றால் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொற்களில் எழுதியிருக்க வேண்டும். வகை இனம் எது என்று நிர்ணயித்திருக்க வேண்டும். இவை இருந்தால் குவாரி இதழும் போதும், வீட்டிலிருந்து நடத்தும் ஏடும் போதும். ஒன்று குறைந்தால் அது வெற்றுப் பெயர். அடுத்தவர் தகுந்த விளக்கத்தோடு வேறு பெயர் வைத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் இப்படிப்பட்ட இடங்களில் வெளியிடுவதற்கு ஒரு விலை உண்டு. பிரதி எந்த நூலகத்திலும் எளிதில் சிக்காது. இருபது ஆண்டு கழித்து ஒருவர் வேறு நாட்டில் அதே உயிருக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார், பிறகு எது முந்தியது என்று தேதி பார்த்துச் சண்டை. ஆசிரியரே கட்டுரையாளராகவும் இருந்தால், ‘இந்தப் படம் தெளிவில்லை, இன்னொன்று போடுங்கள்’ என்று சொல்ல ஆளில்லை. லமாண்டின் படிவங்களைப் பின்னால் வந்தவர்கள் புதிதாக வார்ப்பெடுத்து, வெள்ளையடித்து, மறுபடி படமெடுக்க வேண்டியிருந்தது. எடின்பரோவின் யூவன் கிளார்க்சனும் அவர் கூட்டாளிகளும் பென்ட்லண்ட் உயிர்களை ஒவ்வொன்றாக எடுத்து முறைப்படுத்தியதில்தான் லமாண்டின் பெயர்கள் பல உலகத்துக்குப் புரியும்படி நிலைத்தன.

இன்று அந்த ஓடைகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு: எடின்பரோவிலிருந்து ஏ702 சாலையில் கார்லாப்ஸ் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அங்கிருந்து நீர்த்தேக்கத்துக்கு நடைபாதை உண்டு. நார்த் எஸ்க் பள்ளத்தாக்கு சட்டப் பாதுகாப்புள்ள அறிவியல் தலம். நில உரிமையாளரின் அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது, நின்றிருக்கும் பாறையைச் சுத்தியால் உடைப்பது குற்றமாகலாம். 2008-ல் வந்த ஸ்காட்லாந்து புதைபடிவ நெறிமுறையை முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போவது நல்லது. லெஸ்மஹேகோ பக்கம் பர்க் நோஸ் என்ற இடத்தை வியாபாரத்துக்காகத் தோண்டிக் கெடுத்த பிறகு கெடுபிடி கூடியிருக்கிறது. சரிவில் ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் துண்டுகளே போதுமானவை. இரண்டு பாதியையும் எடுங்கள், படிவம் இருக்கும் முகங்கள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றுங்கள், ஓடையை விட்டு நகரும் முன்பே இடத்தைப் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். மை ஈரத்தில் ஓடிவிடும். குதிரை லாட வளைவும் அதில் ஊசிமுனைப் பருக்களும் தெரியும் பள்ளம் ஒன்று கிடைத்தால், அதைத் துடைக்க விரலை வைக்காதீர்கள். அந்தப் பருக்கள்தான் சல்லடை.